கொள்ளைக் காய்ச்சலும் தங்கவயலும்

நம் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பொன்னைப் பற்றியே எழுதுவர். சுரங்கம் எத்தனை அடி ஆழம், எந்தக் கம்பெனி எப்போது வந்தது, மின்சாரம் எந்த ஆண்டில் எட்டியது என்பன நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திர அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆயின், அப்பொன்னை வெட்டி எடுத்த மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எந்நோய்க்கு ஆளாயினர், அந்நோயை எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் வரலாறு நம்மிடையே மிகக் குறைவாகவே பேசப்படுகின்றது. இவ்வாண்டு மலரில் அவ்வரலாற்றின் ஒரு பகுதியை எடுத்துரைக்க விரும்புகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் இன்புளுவென்சா என்னும் கொள்ளைக் காய்ச்சல்.

பழங்கதை பேசுவது மட்டும் நம் நோக்கமன்று. இக்காய்ச்சல் ஒருமுறை வந்து ஓய்ந்துவிடும் இயல்பினது அன்று. 1918-இல் வந்தது, 1957-இல் வந்தது, 1968-இல் வந்தது, 2009-இல் வந்தது. இனியும் வரும் என்பதில் அறிஞர் எவருக்கும் ஐயமில்லை. எப்பொழுது வரும் என்பதே தெரியாதது. ஆகவே, முன்னர் வந்தபோது நடந்தவற்றை அறிந்துகொள்வது இனி வரும்போது நாம் செய்ய வேண்டியவற்றை அறிந்துகொள்வதே ஆகும்.

நாம் வந்த வழியும் நோய் வந்த வழியும்

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்தனர். நிலமற்றோரும், நிலம் இருந்தும் மழையற்றோரும், சாதிக் கொடுமையால் ஊரில் தலைநிமிர முடியாதோரும் அவர்களுள் பலர். ஜோலார்ப்பேட்டைக்கும் பெங்களூருக்கும் இடையே புகைவண்டிப் பாதை 1864-லேயே அமைந்துவிட்டது. பௌரிங்பேட்டை என்று அன்று வழங்கிய பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. அதன்பின் தங்கவயல் எட்டாத ஊராக இருக்கவில்லை. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அறுவடைக்கும் ஊர் செல்வதும், மீண்டும் வேலைக்குத் திரும்புவதும் நம் மக்களின் வழக்கமாயின. ஒரு கால் சுரங்கத்திலும் ஒரு கால் சொந்த ஊரிலும் ஊன்றி வாழ்ந்தவர்கள் நாம்.

மக்கள் செல்லும் வழியில்தான் நோயும் செல்லும். 1898-இல் பெங்களூரில் புகுந்த பிளேக் தங்கவயலையும் விட்டுவைக்கவில்லை. அக்காலத்தில் தொழிலாளர் வாழ்ந்தவை மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசைகள். வரிசை வரிசையாக நெருங்கி நின்ற அக்குடியிருப்புகளையே நாம் இன்றும் லைன் என்கின்றோம். எலியும் மனிதனும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த அவ்விடங்களில் பிளேக் பரவுவதற்குத் தடை ஏது? நெரிசலைக் குறைக்க வேண்டும் என்னும் எண்ணம் அதன் பின்னரே வலுப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேரிய தெருக்களோடு வகுக்கப்பட்ட ராபர்ட்சன்பேட்டை, அந்நாளில் மைசூரில் ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கின்றது. பேத்தமங்கல ஏரியிலிருந்து குடிநீர் கொணரப்பட்டதும் அக்காலத்து நற்பணிகளுள் ஒன்று.

பிளேக் எலியைப் பற்றி வந்தது. காலரா தண்ணீரைப் பற்றி வந்தது. எலியை ஒழித்தும் நீரைத் தூய்மை செய்தும் அவற்றைத் தடுக்கலாம் என்று மக்கள் ஒருவாறு கற்றுக்கொண்டனர். ஆனால் அடுத்து வந்த நோய் எலியையும் நாடவில்லை, நீரையும் நாடவில்லை. அது மனிதரின் மூச்சைப் பற்றி வந்தது.

1918-ஆம் ஆண்டு

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் இருந்த 1918-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த காவலர் சிலர் காய்ச்சலுற்று மருத்துவமனை சேர்ந்தனர். சில நாட்களில் அந்நகரில் பல்லாயிரவர் படுத்தனர். ஆயினும் இறந்தோர் தொகை அத்துணைப் பெரிதாக இல்லை. மூன்று நாள் காய்ச்சல், வந்தது, போயிற்று என்றே பலரும் கருதினர். இதுவே முதல் அலை.

செப்டம்பரில் இரண்டாம் அலை எழுந்தது. இம்முறை வந்தது முன்னையதினும் பன்மடங்கு கொடியது. காய்ச்சல் கண்டோருக்கு இரண்டொரு நாளில் நுரையீரலில் சளி கட்டிற்று, உதடு நீலம் பாய்ந்தது, மூச்சுத் திணறிற்று. குழந்தைகளையும் முதியோரையும் கொல்வது பிற காய்ச்சல்களின் இயல்பு. இதுவோ இருபது முதல் நாற்பது வயதுவரை உள்ள கட்டிளங் காளையரையும் இளந்தாய்மாரையும் தேர்ந்து கொன்றது. புகைவண்டிப் பாதைகளின் வழியே பம்பாயிலிருந்து புறப்பட்டு, புரட்டாசி ஐப்பசித் திங்கள்களில் அது தென்னாடெங்கும் பரவிற்று. சென்னை மாகாணமும் மைசூர் நாடும் ஒருசேரத் துன்புற்றன. நம் முன்னோரின் இரண்டு வீடுகளும், அதாவது சொந்த ஊரும் தங்கவயலும், ஒரே காலத்தில் நோயின் வாய்ப்பட்டன. ஓரிடத்தில் துன்பம் வந்தால் மற்றோரிடம் சென்று தப்புவது அதுவரை நம் மக்களுக்கு இருந்த ஒரே காப்பு. 1918-இல் அக்காப்பும் இல்லாது போயிற்று.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். போரினால் ஏற்கெனவே ஏறியிருந்த தானிய விலை மேலும் ஏறிற்று. செப்டம்பரில் சென்னை நகரிலும் பிற ஊர்களிலும் மக்கள் பசி பொறாது தானியக் கடைகளைச் சூறையாடும் நிலை உண்டாயிற்று. அரைவயிற்றுக் கஞ்சியோடு இருந்த உடல்களைத்தான் காய்ச்சல் வந்து தாக்கிற்று. வீட்டில் அனைவரும் ஒருங்கே படுத்துவிட்டமையால் அடுப்பு மூட்டுவார் இல்லை. தண்ணீர் கொணர்வார் இல்லை. நோயால் இறந்தோரோடு, ஒரு வாய் நீர் கொடுப்பாரின்றி இறந்தோரும் பலர். பெங்களூரில் நகரசபையாரும் தொண்டர்களும் வீடுதோறும் சென்று கஞ்சியும் மருந்தும் வழங்கினர் என்பது அக்கால வரலாற்றில் நாம் போற்றத்தக்க செய்தி. அன்று எந்த மருத்துவரிடத்தும் அந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. கஞ்சியும் நீரும் அன்பும் கொடுத்த கைகளே உண்மையில் உயிர் காத்தன.

இந்தியாவில் மட்டும் இறந்தோர் எத்தனை பேர்? முதலில் அரசாங்கத்தார் அறுபது லட்சம் என மதித்தனர். பிற்காலத்து ஆராய்ச்சியாளர், ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடி வரை எனப் பலவாறு கணக்கிடுகின்றனர். அப்போரில் மடிந்த இந்தியப் படைவீரர் சுமார் எழுபத்து நாலாயிரம் பேர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். 1921-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், இன்றைய இந்திய எல்லைக்குட்பட்ட பகுதியின் மக்கள்தொகை முந்தைய பத்தாண்டைவிடக் குறைந்திருந்தது. கணக்கெடுப்பு தொடங்கிய நாள் முதல் இன்றுவரை அவ்வாறு குறைந்தது அந்த ஒரு பத்தாண்டில் மட்டுமே.

மற்றொரு செய்தியும் உண்டு. உலகின் பல நாடுகளில் ஆண்கள் மிகுதியாக இறந்தனர். இந்தியாவிலோ பெண்கள் மிகுதியாக இறந்தனர். வீட்டில் உள்ள உணவைக் கடைசியில் உண்டவர் பெண்கள். நோயுற்றோர் அருகில் முதலில் அமர்ந்தவரும் பெண்கள். இதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இத்துணைப் பெரிய துன்பம் நம் நினைவில் எவ்வளவு தங்கியுள்ளது? பிளேக்குக்குப் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அம்மன் கோயில்கள் எழுந்தன. அத்தெய்வத்தின் பெயரிலேயே அந்நோய் இன்றும் நினைக்கப்படுகின்றது. அதனினும் பல மடங்கு விரைவாகக் கொன்ற 1918 காய்ச்சலோ, பாட்டிமார் சொன்ன கதைகளில் ஒரு வரியாக ஒதுங்கிவிட்டது. நினைவில்லாத துன்பம் பாடம் கற்பிப்பதில்லை.

சுரங்கமும் தீவும்

சுரங்க மக்களுக்கு இந்நோய் எத்தகையது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரம் உலகிற்குக் காட்டிற்று. அங்கே வைரச் சுரங்கத் தொழிலாளர்களைக் கம்பெனியார் மதில் சூழ்ந்த குடியிருப்புகளில் அடைத்து வைத்திருந்தனர். ஒரே கூடத்தில் பலர் உறங்கினர். ஒரே கூண்டில் நெருங்கி நின்று சுரங்கத்தில் இறங்கினர். 1918 அக்டோபரில் காய்ச்சல் புகுந்தது. அவ்வடைப்புகளில் இருந்த சுமார் பதினோராயிரம் பேரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களில் மாண்டனர். ஐவரில் ஒருவர்! கல்தூசு நிறைந்த நுரையீரலும், நெருங்கிய படுக்கையும், வெளியேற முடியாத மதிலும் ஒன்றுகூடிய இடத்தில் நோய்க்கு வேறு துணை வேண்டுவதில்லை.

முன்னேற்பாடு உயிர் காக்கும் என்பதற்கும் அதே ஆண்டில் சான்று உண்டு. பசிபிக் கடலில் சமோவா என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அதன் மேற்குப் பகுதி நியூசிலாந்தின் ஆட்சியிலும், கிழக்குப் பகுதி அமெரிக்காவின் ஆட்சியிலும் இருந்தன. 1918 நவம்பர் 7-ஆம் நாள் நியூசிலாந்திலிருந்து வந்த தலூன் என்னும் கப்பல், நோயாளிகளோடு மேற்குச் சமோவாவின் துறைமுகத்தை அடைந்தது. அதிகாரிகள் தடுக்கவில்லை. இரண்டே திங்களில் அங்கு ஐந்தில் ஒரு பங்கு மக்கள் இறந்தனர். கிழக்குச் சமோவாவின் ஆளுநரான ஜான் போயர் என்பாரோ, செய்தி கேட்டவுடன் வெளிக்கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். மக்களும் கரையைக் காவல் காத்தனர். அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. இரு தீவுகளிலும் வாழ்ந்தோர் ஒரே இனத்தவர், ஒரே மொழியினர். இடையில் இருந்த வேறுபாடு முன்னறிவு ஒன்றே.

நோயை அறிந்த வரலாறு

1918-இல் மருத்துவர்கள் பகைவனை அறியாமலே போரிட்டனர். 1892-இல் பைபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ட ஒரு நுண்ணுயிரே இக்காய்ச்சலின் காரணம் என்று அப்போது பலரும் நம்பினர். அது பிழை. உண்மையான காரணம் சாதாரண நுண்பெருக்கிக் கண்ணாடிக்கும் தென்படாத வைரஸ். அதை மனிதரிடமிருந்து பிரித்துக் காட்டியவர்கள் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் ஆங்கில அறிஞர் மூவர். ஆண்டு 1933. அதாவது, கொள்ளைக் காய்ச்சல் வந்துபோய்ப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே அதன் காரணம் தெரிய வந்தது.

இவ்வைரஸ் ஏன் மீண்டும் மீண்டும் புதிதாக வருகின்றது? இதனைச் சற்றுப் பொறுமையாக அறிந்துகொள்வோம். வைரஸின் மேற்புறத்தில் முட்கள் போன்ற இருவகைப் புரதங்கள் உள்ளன. ஒன்றை எச் என்றும் மற்றொன்றை என் என்றும் குறிப்பர். நம் உடல் ஒருமுறை நோயுற்றுத் தேறினால், அம்முட்களை அடையாளம் வைத்துக்கொள்கின்றது; மறுமுறை வந்தால் எளிதில் அழிக்கின்றது. ஆனால் வைரஸ் ஆண்டுதோறும் தன் முட்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கின்றது. ஆண்டுதோறும் வரும் சாதாரணச் சளிக்காய்ச்சல் இதனால் விளைவது.

சில வேளைகளில் பெருமாற்றமும் நிகழும். இவ்வைரஸின் மரபுச் செய்தி எட்டுத் தனித்தனித் துண்டுகளாக உள்ளது. காட்டு நீர்ப்பறவைகளே இவ்வைரஸ்களின் தாயகம். பறவையின் வைரஸும் மனிதரின் வைரஸும் ஒரே உயிரின் உடலில், பன்றியின் உடலில் என வைத்துக்கொள்வோம், ஒருங்கே புகுந்தால் அவற்றின் துண்டுகள் கலந்து முற்றிலும் புதிய வைரஸ் ஒன்று பிறத்தல் கூடும். அதன் முட்களை உலகில் எவர் உடலும் அறியாது. மனிதரிடையே எளிதில் தொற்றும் ஆற்றலும் அதற்கு வாய்த்துவிட்டால் அதுவே கொள்ளைக் காய்ச்சல்.

1957: சென்னைத் துறைமுகம்

அத்தகைய புதிய வைரஸ் 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனத்தில் தோன்றியது. ஏப்ரலில் ஹாங்காங்கை அடைந்தது. அந்நகரின் மருத்துவ நிலையங்களில், காய்ச்சலால் கண் மங்கிய குழந்தைகளைச் சுமந்து தாய்மார் வரிசையில் காத்திருக்கின்றனர் என்று ஒரு செய்தித்தாளில் வந்தது. அமெரிக்காவில் அதைப் படித்த மாரிஸ் ஹில்மன் என்னும் அறிஞர், இது புதுக் காய்ச்சல் என்று உடனே உணர்ந்தார். ஹாங்காங்கிலிருந்து மாதிரியை வருவித்து ஆராய்ந்தார். தடுப்பூசி செய்யும் நிறுவனங்களை முன்கூட்டியே முடுக்கினார். நோய் தன் நாட்டில் பெருகுமுன் தடுப்பூசி ஆயத்தமாக இருந்தது. செய்தித்தாளின் சிறு செய்தி ஒன்றைக் கருத்தூன்றிப் படித்தமையால் விளைந்த நன்மை இது.

நம் நாட்டுக்கு அக்காய்ச்சல் வந்த வழி தமிழர் நன்கறிந்த கடல்வழியே. 1957 மே திங்களின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து நோயாளிகளோடு வந்த கப்பல் ஒன்று சென்னையை அடைந்தது. பன்னிரண்டு வாரங்களில் காய்ச்சல் இந்தியா முழுவதும் பரவிவிட்டது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற தமிழரும், தங்கவயலுக்குப் பிழைக்க வந்த தமிழரும் ஒரே மாவட்டங்களிலிருந்து கிளைத்த உறவினர் அல்லரோ? கடலுக்கு அப்பால் ஒருவர் தும்மினால் மாரிக்குப்பம் வரை அதன் விளைவு எட்டும் என்பது இதனால் தெளிவாகும்.

ஆயினும் 1957-ஆம் ஆண்டு 1918-ஆக மாறவில்லை. 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளர் ஏறத்தாழ நாற்பத்து நான்கரை லட்சம். பதிவான சாவுகள் சுமார் 1,100. பதிவாகாதவை இன்னும் பல இருந்திருக்கும். எனினும் முன்னையதோடு இதனை ஒப்பிடவே இயலாது. காரணம் யாது? வைரஸ் அத்துணைக் கொடியதன்று என்பது ஒன்று. பெனிசிலின் முதலிய மருந்துகள் அப்போது இருந்தன என்பது மற்றொன்று. அம்மருந்துகள் வைரஸைக் கொல்லா. காய்ச்சலைத் தொடர்ந்து நுரையீரலில் புகும் வேறு நுண்ணுயிர்களைக் கொல்லும். 1918-இல் இறந்தோரில் பெரும்பாலோர் அவ்விரண்டாம் தாக்குதலால் இறந்தவரே. அன்றியும் 1957-இல் நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் இன்புளுவென்சா ஆராய்ச்சி மையம் ஒன்று முன்னரே நிறுவப்பட்டிருந்தது. அது உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்போடு இணைந்து பணிபுரிந்தது. நோய் வரும்முன் அமைத்த மையமே நோய் வந்தபோது பயன்பட்டது.

2009-இல் வந்த புதுக்காய்ச்சல், பன்றிகளிடமிருந்த வைரஸ்களின் கலப்பால் பிறந்தது. அவ்வாண்டு மே திங்களில் ஐதராபாத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஆகஸ்டில் பூனாவில் முதல் சாவு நிகழ்ந்தது. இன்று அறிஞர் கவலையோடு நோக்குவது எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சலை. 1997-இல் ஹாங்காங்கில் அது பதினெட்டுப் பேரைப் பற்றி அறுவரைக் கொன்றது. 2006-இல் மகாராட்டிரத்தின் நவாப்பூர்க் கோழிப் பண்ணைகளிலும், 2012-இல் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவின் வான்கோழிகளிலும் தோன்றியது. 2024 முதல் அமெரிக்காவில் கறவை மாடுகளையும் பற்றியுள்ளது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது இன்னும் எளிதில் தொற்றுவதில்லை. அந்த ஆற்றல் அதற்கு வாய்க்குமுன் நாம் ஆயத்தமாக வேண்டும்.

நம் நுரையீரலும் நம் மருத்துவமனையும்

இனி நம் காலனியை நோக்குவோம். உலகத்தார் அனைவருக்கும் இல்லாத ஒரு குறை தங்கவயலாருக்கு உண்டு. அது பாறைத்தூசால் விளையும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய். இந்தியாவில் அந்நோய் முதன்முதல் முறையாக ஆராய்ந்து கூறப்பட்டது கோலார்ச் சுரங்கங்களில்தான். 1947-இல் வெளிவந்த அவ்வாய்வில், பார்க்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருள் பத்தில் நால்வருக்கு மேல் அந்நோய் இருந்தது. நுரையீரல் ஏற்கெனவே தழும்பேறியவருக்குச் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்தாகும். புதுக்காய்ச்சல் வரின் சொல்ல வேண்டுவதில்லை. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் இன்றும் நம் லைன் வீடுகளில் இருமிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். சயனைடு மேடுகளின் தூசியோ, சுரங்கத்தில் இறங்காதவர் மூச்சிலும் காற்றடிக்குந்தோறும் கலக்கின்றது.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போயிற்று, சங்கொலி நின்றது. நம் தாய்மார் பலர் பிள்ளை பெற்றதும், நம் தந்தையர் பலர் இறுதி மூச்சை விட்டதுமான சுரங்க மருத்துவமனையும் செயலிழந்தது. நம் இளைஞர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் வீடு திரும்புகின்றனர். முன்னோர் பங்காருபேட்டை வழியே வேலை தேடி வந்தனர். பேரப்பிள்ளைகள் அதே பாதையில் வேலை தேடிச் செல்கின்றனர். நெருங்கி நிற்கும் அந்த ரயில் பெட்டியே இன்றைய சுரங்கக் கூண்டு. பெங்களூரில் காலையில் ஒட்டிய நோய் இரவில் பாட்டனாரின் பாயருகே வந்து சேரும்.

2020-இல் கோவிட் வந்தது. அது இன்புளுவென்சா அன்று. வேறு இனத்து வைரஸ். ஆயினும் அதுவும் மூச்சின் வழியே வந்தது. ஆதலின் நம்மைச் சோதித்துப் பார்த்தது. 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றன, நாட்கூலியும் நின்றது. 2021-இல் இரண்டாம் அலையின்போது படுக்கையும் உயிர்க்காற்றும் கிடைக்காமல் நாடே தவித்தது. அப்போது நம் ஊரில் நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். இருபது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தொண்டர்கள் திறந்தனர். புதரை வெட்டினர், குப்பையை அள்ளினர், தரையைக் கழுவினர், கட்டில்களைச் சீர்செய்தனர். சில வார உழைப்பில் அம்மருத்துவமனை மீண்டும் நோயாளரை ஏற்கும் நிலையை அடைந்தது. 1918-இல் கஞ்சி சுமந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்று நாம் நெஞ்சு நிமிர்ந்து கூறலாம்.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. அது நோய் வந்தபின் நடந்த வேலை. ஊரில் சாவு விழத் தொடங்கிய பின்னரே புதர் வெட்டும் கத்தி எடுக்கப்பட்டது. குன்னூரின் ஆராய்ச்சி மையம் நோய்க்கு முன்னரே இருந்தது. நம் மருத்துவமனையின் திறவுகோல் நோய்க்குப் பின்னரே தேடப்பட்டது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் உட்பொருள். நோய் தொலைவிலிருந்து வருகின்றது. அதை நாம் தடுக்க இயலாது. சாவோ அருகில் உள்ளவற்றால் விளைகின்றது. நெரிசல், பசி, தூசு, பூட்டிய மருத்துவமனை, கவனிப்பாரற்ற முதுமை என்னும் இவற்றால் விளைகின்றது. இவை நம் கைக்கு எட்டுபவை.

நாம் செய்யத்தக்கவை

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர் பெரியோர். நம் காலனி இன்றே செய்யத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, ஒவ்வொரு லைனிலும் யார் யாருக்கு நுரையீரல் நோய் உண்டு, எந்த வீட்டில் முதியோர் தனித்து வாழ்கின்றனர், யார் கருவுற்றுள்ளனர், யாருக்கு நீரிழிவு உண்டு என்னும் பட்டியல் ஒன்றை, அவர்தம் இசைவோடு, எழுதி வைத்தல் வேண்டும். நோய் வந்தபின் எழுதும் பட்டியல் பயன்படாது. அவ்வீடுகளுக்கு உணவும் நீரும் மருந்தும் கொண்டு செல்வோர் இன்னார் என்பதையும் முன்னரே வகுத்தல் நன்று.

இரண்டாவது, இன்புளுவென்சாத் தடுப்பூசி ஆண்டுதோறும் உண்டு. வைரஸ் மாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறுகின்றது. முதியோரும் சிலிக்கோசிஸ் உற்றோரும் கருவுற்ற பெண்டிரும் மருத்துவரைக் கலந்து அதனை இட்டுக்கொள்ளல் வேண்டும். முற்றிலும் புதிய வைரஸுக்கு அவ்வூசி போதாது. அதற்குத் தனி ஊசி செய்யப் பல திங்கள் ஆகும். அவ்விடைக்காலத்தைக் கடப்பதற்கே ஏனைய முன்னேற்பாடுகள்.

மூன்றாவது, காய்ச்சலோடு வேலைக்குச் செல்வதை வீரமாகக் கருதும் வழக்கத்தை விடல் வேண்டும். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆகவேதான் இது தனியொருவர் பொறுப்பன்று என்கின்றோம். நோயுற்று வீட்டில் தங்குவோர் குடும்பத்துக்கு அரிசி பருப்பு அளிக்கச் சங்கம் ஒரு சிறு நிதியைத் தனியே ஒதுக்கி வைப்பின், அது நூறு அறிவுரைகளினும் மேலான மருந்தாகும்.

நான்காவது, காற்று. ஓரறை வீட்டிலும் சன்னலையும் கதவையும் திறந்து வைத்தல் இயலும். நோயுற்றவரைக் காற்று வரும் பக்கம் படுக்க வைத்து, ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு பணிவிடை செய்தல் நன்று. அவ்வொருவர் எப்போதும் வீட்டுப் பெண்ணாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஆண்மக்கள் நினைவிற் கொள்வாராக.

ஐந்தாவது, ஆபத்தின் அறிகுறிகளை அனைவரும் அறிதல். மூச்சுத் திணறல், மார்பு வலி, உதடு நீலமாதல், நினைவு தடுமாறல், ஒருமுறை தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறல் ஆகியவை தோன்றின் காலந்தாழ்த்தாது மருத்துவமனை செல்ல வேண்டும். இன்புளுவென்சா வைரஸை அடக்கும் மருந்து இன்று உண்டு. நோய் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால் அது மிகுதியும் பயன்படும். கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்கி நாட்களைக் கழித்தல் தீது.

ஆறாவது, கோழி வளர்ப்போர் கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறப்பின், அவற்றை வெறுங்கையால் தொடாமலும் உண்ணாமலும் விற்காமலும் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் கடமை. பாலைக் காய்ச்சியே பருகும் நம் வழக்கமும், முட்டையும் இறைச்சியும் நன்கு வேகவைத்து உண்ணும் நம் வழக்கமும் நல்ல காப்புகள், அவற்றைக் கைவிடலாகாது.

இறுதியாக, மருத்துவமனை. தொண்டர்களால் திறந்த கதவு மீண்டும் துருப்பிடித்துவிடாமல் காப்பது நம் அனைவரின் கடமை. நுரையீரல் நோய் மிகுந்த ஊருக்கு நுரையீரல் மருத்துவமும் உயிர்க்காற்று வசதியும் நிலையாக வேண்டும் என்று ஆட்சியாளரிடம் நாம் கேட்பது இரப்பன்று. நூற்றிருபது ஆண்டுகள் பூமிக்கடியில் இறங்கி நாட்டுக்குப் பொன் எடுத்துக் கொடுத்த மக்களின் உரிமை அது. அவ்வுரிமையைக் காய்ச்சல் இல்லாத நாளில் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்த நாளில் கேட்பதற்கு நமக்கு மூச்சு இராது.

1918-இல் மாண்ட நம் முன்னோருக்கு நடுகல் நாட்டுவார் எவரும் இல்லை. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்களுக்கு நாம் செய்யத்தக்க நன்றிக்கடன் ஒன்று உண்டு. அடுத்த காய்ச்சல் மாரிக்குப்பம் நிலையத்தில் வந்து இறங்கும்போது, நம் லைனில் எந்த வீட்டில் யார் இருமுகின்றார் என்று நமக்கு முன்பே தெரிந்திருத்தல் வேண்டும். எந்த வீட்டிலும் தண்ணீர் கொடுப்பாரின்றி ஒருவரும் சாகாதிருத்தல் வேண்டும். அதற்கான பட்டியலை எழுதும் பணியை இவ்வாண்டு விழா முடிந்த மறுநாளே தொடங்குவோமாக.

வாழ்க தங்கவயல்! வளர்க தமிழர் ஒற்றுமை!